றெஜினாவும் இத்தாலிக்காரியும்

மொன்றியல் நகரத்து வில்லரேயில் றெஜினா குடியிருக்கும் வீட்டுக்கு வெளியே, வளைந்து இறங்கும் ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. ஒவ்வொரு காலையும் அவள் அதில் பாதி இறங்கிவிட்டு மறுபடி ஏறிப் போவாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அணைந்துதான் இருக்கும். ஆனாலும் உள்ளங்கையை அடுப்பின்மேல் வைத்து, அது குளிர்ந்து கிடப்பதைத் தோலால் அறிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

மாதா கோயில் சனம் அவளைப் பகிடி பண்ணும். "றெஜினா அக்கா பூசையிலை நன்மை எடுக்கப் போனாலும் மெழுகுதிரி எங்கை நிக்குதெண்டு பாத்துத்தான் போவா." அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

மன்னாரில் பேசாலையில் பிறந்தவள். சண்டை மூண்டு சனமெல்லாம் மடு மாதா கோயிலுக்கு ஓடிய நாட்களில், அவர்கள் ஏறிய லொறிக்கு முன்னால் ஒரு வான் போனது. ஷெல் விழுந்து அது பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த ஒரு மனிதன் கதவின் கைபிடியை இழுத்தான். கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தான். பத்தொன்பது வயதுப் பெண்ணாக லொறியின் மேலிருந்து அவள் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். இன்று ஐம்பது வயது தாண்டியும், கண்ணை மூடினால் அந்தக் கை கைபிடியை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மொன்றியலுக்கு வந்தாள். அன்டனைக் கட்டினாள். நல்ல மனிதன். வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழும்பவேயில்லை. பிள்ளைகள் இல்லை. பிழைப்புக்காகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் பழகினாள். பயந்த பெண் பஸ் ஓட்டுவதா என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் பயந்தவளைப்போல் கவனமாக ஓட்ட யாரால் முடியும்? மஞ்சள் பஸ்ஸின் பின் அவசரக் கதவைத் தினமும் திறந்து மூடிப் பார்க்காமல் அவள் ஒரு பிள்ளையைக்கூட ஏற்றியதில்லை.

அதனால்தான் மகேந்திரராசா அவளைத் தேடி வந்தார். கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர்.

"தங்கச்சி, சனி ஞாயிறிலை எனக்கு ஓடித் தாங்கோ. பொடியளிட்டைக் குடுத்தா ரேஸ் ஓடுவாங்கள். நீங்கள் பயந்தவள். கீறாமல் கொண்டு வருவியள்."

அப்படித்தான் றெஜினாவின் கைக்கு இத்தாலிக்காரி வந்து சேர்ந்தாள்.

அந்தக் காருக்கு றெஜினா வைத்த பெயர் அது. வட இத்தாலியில் ஏதோ ஒரு பட்டறையில், அவள் பிறப்பதற்கு முன்பே செய்த கார். கடும் நீலம். பாதிக் காரும் மூக்குத்தான் என்பதுபோல நீண்ட முன்பக்கம். அந்த மூக்குக்குள்ளே இரண்டு வரிசையாகச் சாய்ந்து கிடக்கும் பன்னிரண்டு சிலிண்டர்கள். அவற்றின் நடுப் பள்ளத்தில், கோயில் விளக்குகள்போல நிரைக்கு நின்றன ஆறு கார்பரேட்டர்கள். கியர்ப்பெட்டியை எஞ்சினோடு வைக்காமல் பின் சக்கரங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். முன்னும் பின்னும் பாரம் சமமாக இருந்தால்தானே வளைவில் கார் நிலத்தைக் கவ்விக்கொண்டு போகும்! கதவுகள் இரண்டே இரண்டு. பின் இருக்கையில் உட்காருபவர், முன் இருக்கையைச் சாய்த்தாலன்றி வெளியே வர முடியாது.

அவளுக்கு முதலில் பயம் பிடித்தது அதைப் பார்த்துத்தான்.

நகரத்தை ஒட்டிய இல்-பிசார் தீவில் மகேந்திரராசாவின் வீட்டுக் கராஜில் கார் நிற்கும். காலையில் எஞ்சினை முடுக்கினால் எண்ணெய் சூடேறும் வரை இரண்டாம் கியர் விழாது. பலவந்தம் பண்ணினால் பல் நெரியும் சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கும். கிளட்ச்சை மிதிக்க இடது கால் முழுவதும் வேண்டும். சந்திகளில் நின்றால் உறுமும், இருமும், குலுங்கும். ஆனால் நெடுஞ்சாலையில் ஏற்றி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கமாக ஒரு நாள் ஓட விட்டபோது அதே கார் வேறு பிறவி எடுத்துவிட்டது. பன்னிரண்டும் ஒரே குரலாகிப் பாடியது. சுக்கான் அவள் விரல்களுக்குள் வெண்ணெய்போல் கிடந்தது. தாழ்ந்த வாய்க்குள் காற்று புகப் புக, சூட்டைக் காட்டும் முள் கீழே கீழே இறங்கியது. ஒரே பகலில் ஒரு தேசத்தைக் கடந்துபோகச் செய்த வண்டி அது. ஊர்வலம் போகச் செய்த வண்டி அல்ல.

காரைப் பழுது பார்க்கும் இத்தாலியக் கிழவர் விட்டோரியோ அவளிடம் பிரெஞ்சில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஓடும்போது காற்று எல்லாவற்றையும் ஆற்றிவிடும், மதாம். கொதித்த எஞ்சினை நிற்பாட்டினால்தான் ஆபத்து. சூடு மேலே ஏறி, கார்பரேட்டரில் நிற்கிற பெற்றோலைக் கொதிக்க வைக்கும். அது வழியும். அந்த நேரம் பக்கத்தில் ஒருவனையும் நெருப்புக்குச்சி தட்ட விடாதீர்கள்."

அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. மகேந்திரராசாவிடம் சொன்னாள். அவர் கையை வீசினார்.

"அந்தாள் எல்லாருக்கும் உதைத்தான் சொல்லுறது. வாடகைக்கு எடுத்த சனத்தைப் பயப்படுத்திப் போடாதையுங்கோ. முக்கியமா, கலியாண வீட்டிலை வாய் திறக்கக் கூடாது. சொல்லிப்போட்டன்."

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம். ஆடி பிறந்தால் கலியாணம் இல்லை என்பதால் ஊரிலுள்ள மண்டபமெல்லாம் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை பிருந்தன், கணக்காளர் வேலை பார்க்கும் சாந்தமான பிள்ளை. பெண் சாருஜா. மண்டபம் ஜாரி வீதிப் பக்கம்.

காலை வெயிலே முதுகைச் சுட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா உருத்திரமூர்த்தி ஒரு பெரிய பொருளை இரண்டு பேர் தூக்கிவர முன்னால் வந்தார். வெள்ளை றெஜிபோம் நுரைப் பலகையில் வெட்டி, நீலமும் பச்சையும் பூசி, மினுக்கம் ஒட்டிய மயில். தோகை விரித்த மயில். அதைச் சுற்றி மல்லிகைச் சரமும் பட்டு நாடாவும்.

"கொஞ்சம் தள்ளுங்கோ பிள்ளை. இதை முன்னுக்குக் கட்ட வேணும்."

மயில் காரின் வாயை அப்படியே மூடிக்கொண்டது. ஒரு விரல் நுழைய இடமில்லை. றெஜினா ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா... அதிலை கட்டாதையுங்கோ. காத்துப் போற இடம். எஞ்சின் கொதிச்சுப் போம்."

"காத்தோ?" உருத்திரமூர்த்தி சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியளே, காருக்கு மூச்சு முட்டுமாம்! பிள்ளை, இது கலியாணக் கார். உங்கட ஸ்கூல் பஸ் இல்லை. ஒரு கிழமையா நித்திரை முழிச்சு வெட்டின மயில். எங்கட அண்ணன் தம்பி பிள்ளையளிலை ஒருத்தனுக்கும் நான் மயில் கட்டாமல் விட்டதில்லை."

"அப்ப மேலை, கூரையிலை..."

"மயில் கூரையிலை நிண்டா அது காகம்!"

எல்லோரும் சிரித்தார்கள். றெஜினாவின் வாய் மூடிக்கொண்டது. எத்தனை முறை இப்படி மூடியிருக்கிறாள்! பயம் இரண்டு பக்கமும் இழுக்கிறபோது அவள் எப்போதும் மனிதருக்குத்தான் முதலில் பயப்படுவாள்.

கூட்டத்துக்குச் சற்று அப்பால், மதிலோரமாக ஒரு பெண் தனியே நின்றாள். வெளிர் சாம்பல் பட்டு. நெற்றியில் வெறும் திருநீறு. பிருந்தன் குனிந்து அவள் காலைத் தொட்டபோதுதான் அவள் மாப்பிள்ளையின் தாய் என்று றெஜினாவுக்குத் தெரிந்தது. பெயர் புஷ்பவதி. மகன் காரில் ஏறும்போது அவள் பக்கத்தில் வரவில்லை. யாரோ ஒருத்தி மெதுவாக, "நீங்கள் பேந்து வானிலை வாங்கோவன் மாமி, நல்ல காரியத்துக்கு முதல் எதிர்ப்படாமல்" என்றாள். புஷ்பவதி தலையை ஆட்டினாள். கணவனில்லாதவள். றெஜினா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். தானும் அதேதான் என்பது இந்தச் சனத்துக்குத் தெரியாது. தெரிந்தால் இந்தச் சுக்கானைத் தொட விட்டிருப்பார்களா?

முன் இருக்கையில் தலைப்பாகையோடு பிருந்தன். பின்னால், முழங்கால் நாடியில் முட்ட, மடித்து வைத்த கதிரைபோல மாப்பிள்ளைத் தோழன் துவாரகன். பிருந்தனின் தமக்கை புருஷன்.

"அக்கா, இந்தப் பின் சீற்றை இத்தாலியிலை ஆருக்குச் செய்தவை? பூனைக்கோ?"

றெஜினாவால் சிரிக்க முடியவில்லை. அவள் கண் சூட்டுமானியில் இருந்தது.

முதலில் முள் நடுவில் நின்றது. வழியெல்லாம் செம்மஞ்சள் கூம்புகள். எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் கிண்டிப் போட்ட றோட்டு. கார்கள் ஊர்ந்தன. முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ரேடியேற்றருக்குப் பின்னாலிருந்த விசிறிகள் சுற்றிச் சுற்றி அலறின. மயிலின் முதுகிலிருந்து எந்தக் காற்றை அவை இழுப்பது?

மண்டபத்துக்குக் கிட்ட மேளக்காரர் காத்திருந்தார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்த நாதஸ்வரக் கோஷ்டி. இனி அவர்கள் நடக்க, பின்னால் கார் நடக்க வேண்டும். நடை என்றால், வாசித்து நின்று, வாசித்து நின்று. கிளட்ச்சை மிதித்து மிதித்து றெஜினாவின் இடது கால் நடுங்கத் தொடங்கியது. முள் சிவப்பைத் தொட்டது.

எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி காருக்குள் இருந்த வெப்பமூட்டி. அதை முழுவதும் திறந்துவிட்டாள்.

"அக்கா!" பிருந்தனின் பட்டுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. "ஹீற்றரே போட்டிருக்கிறியள்? ஆனி மாசம்!"

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. மாதாவே... கொஞ்சம் பொறுங்கோ."

"மச்சான், மாப்பிள்ளையை அவிச்சுத்தான் இறக்கப் போயினம் போல," என்று பின்னாலிருந்து துவாரகன் சொன்னான். ஆனால் அவன் குரலிலும் பகிடி வற்றியிருந்தது.

வெளியே நாதஸ்வரம் குழைந்து குழைந்து ஏறியது. கைபேசிகளை உயர்த்திக்கொண்டு சிரித்த முகங்கள் கண்ணாடியைச் சூழ்ந்தன. உள்ளே மூன்று உயிர்கள் வேர்வையில் குளித்தன. 

மண்டப வாசல். கார் நின்றது. எஞ்சினும் தானாகவே இருமி அடங்கியது. அதோடு விசிறிகளையும் நிறுத்திவிட்டு அவள் சாவியைத் திருப்பி எடுத்தாள். காருக்குள் திடீரென்று ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள், காரின் மூக்குக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். கேத்தில் கொதிப்பதுபோல, கொளகொளவென்று.

பிறகு மணம் வந்தது.

மல்லிகை, சந்தனம், பன்னீர் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்த மணம். பெற்றோல்.

"தம்பி, இறங்குங்கோ. இப்பவே இறங்குங்கோ."

பிருந்தன் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். "இறங்கக் கூடாதக்கா. சாருஜான்ரை தம்பி வந்து கதவைத் திறந்து, கால் கழுவிக் கூட்டிக்கொண்டு போகவேணும். அதுக்கு முதல் இறங்கினாப் பெரியப்பா என்னைக் கொலை செய்வார்."

அதுதான் வழக்கம். பெண்ணின் தம்பியோ மண்டபத்துக்குள் செம்பைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் வரும்வரை மாப்பிள்ளை காருக்குள்ளேயே இருக்கவேண்டும். மாப்பிள்ளை எழும்பாமல் பின்னால் இருப்பவன் அசையவே முடியாது.

றெஜினா தன் கதவைத் திறந்து இறங்கினாள்.  காரின் முன்னால் பார்த்தவள் உறைந்துபோனாள்.

உருத்திரமூர்த்தி கையில் ஒரு தேங்காய். அதன் தலையில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. கண் படாமலிருக்க மாப்பிள்ளைக்கும் காருக்கும் நாவூறு கழிக்கிறார். எரியும் தேங்காயை அந்த நீண்ட மூக்கின்மேல் ஒரு தரம் சுற்றிவிட்டார். அவருக்குப் பின்னால் ஆலாத்தித் தட்டோடு இரண்டு பெண்கள். வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் எரிகின்றன. மயிலின் காலடியிலிருந்து ஈரமான ஒரு கோடு தாரில் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்தது. தண்ணீரென்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்தத் தேங்காயை அவர் இப்போது எங்கே அடிக்கப் போகிறார்? அந்தக் கோட்டின்மேல்தானே!

"ஐயா, நெருப்பை எடுங்கோ!"

குரல் ஒருவருக்கும் எட்டவில்லை. மேளம் விழுங்கிவிட்டது.

இரண்டாம் சுற்று.

காரின் கண்ணாடிக்கு அப்பால் பிருந்தன், காற்றுக்காகக் கதவின் கைபிடியில் கையை வைத்தான். வெறுமனே வைத்தான், அவ்வளவுதான். அந்தக் கையை றெஜினா கண்டாள்.

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தயக்கமும் இல்லாமல், மாப்பிள்ளைக்கு முன்னால், மங்களத் தீபத்துக்கு முன்னால், அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண் பாய்ந்தாள். எரிகிற கற்பூரத்தின்மேல் வெறும் உள்ளங்கையைப் பொத்தி அழுத்தினாள். தோல் பொசுங்கியது. கையை எடுக்கவில்லை. தேங்காயோடு உருத்திரமூர்த்தியையும் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். திரும்பி, ஆலாத்தித் தட்டுக்காரிகளைப் பார்த்துக் கத்தினாள்.

"பின்னுக்குப் போங்கோ! பெற்றோல்! பெற்றோல் வழியுது! ஒருத்தரும் கிட்ட வராதையுங்கோ!"

தவில் நின்றது. நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. அந்த நிசப்தத்தில் அவள் ஓடிப்போய்ப் பிருந்தனின் கதவைத் திறந்து, பட்டுச் சால்வையைப் பிடித்து அவனை வெளியே இழுத்தாள். இருக்கையைச் சாய்த்துத் துவாரகனை இழுத்தாள். இருவரையும் மண்டபச் சுவர்வரைக்கும் விரட்டினாள்.

"அபசகுனம்!" யாரோ ஒரு பெண் அழுதாள். "விளக்கை அணைச்சுப் போட்டாளே! கால் கழுவ முதல் மாப்பிள்ளை மண்ணிலை மிதிச்சிட்டானே!"

"உமக்கு விசரே?" உருத்திரமூர்த்தியின் முகம் கறுத்துச் சிவந்தது. "ஆரடி நீ, எங்கட கலியாணத்திலை கை வைக்க?"

"அவ புருசனில்லாதவவாம். அன்டன்ரை மனுசி. எங்கட பக்கத்து வீட்டு வேதக்காரச் சனத்துக்குத் தெரியும்," என்று கூட்டத்துக்குள் ஒரு குரல் விஷத்தைக் கொட்டியது.

றெஜினா காருக்குத் திரும்பி ஓடினாள். மயிலைப் பிடித்து இழுத்துப் பிய்த்து எறிந்தாள். சூட்டில் உருகி, மயிலின் முதுகு பாகுபோல் நீண்டு வந்தது. பிறகு காரின் மூக்கு மூடியைத் தூக்கினாள். வெந்த காற்று முகத்தில் அறைந்தது. ஆறு கார்பரேட்டர்களும் கொதித்துக் கக்கிய பெற்றோல், எஞ்சினின் நடுப் பள்ளத்தில் தேங்கி, ஆவியாய் அலையலையாய் எழும்பிக்கொண்டிருந்தது. கிட்ட வந்து எட்டிப் பார்த்த துவாரகன் இரண்டடி பின்னால் துள்ளினான்.

"மாமா... இங்கை வந்து பாருங்கோ. இல்லை, வேண்டாம், வராதையுங்கோ! மணந்து பாருங்கோ, காணும்!"

உருத்திரமூர்த்திக்கு மணம் எட்டியது. அவர் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார். கருகிய கற்பூரத்தைப் பார்த்தார். காருக்குள் சற்று முன்வரை பிருந்தன் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வாசல் படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். யாரோ தீயணைப்புக்காரருக்கு அழைத்தார்கள்.

அவர்கள் வந்து, மண் தூவி, வண்டியைச் சுற்றி நாடா கட்டிவிட்டுப் போகும்வரை றெஜினா வீதியின் மறுபக்கம், தெப்பனர் எனப்படும் மூலைக்கடை ஒன்றின் முன்னால் நின்றாள். கடைக்காரர் பையில் அள்ளித் தந்த ஐஸ் கட்டிகள் அவள் கைக்குள் உருகி வழிந்தன.   ஒன்றும் நடக்கவில்லை என்று நாளைக்கு எல்லோரும் சொல்வார்கள். நடக்காத ஒன்றுக்காக ஒரு கலியாணத்தைக் குழப்பியவள் என்று சொல்வார்கள். மகேந்திரராசா சாவியைத் திருப்பிக் கேட்பார். சொல்லட்டும். கேட்கட்டும். அந்தப் பிள்ளை உள்ளே உயிரோடு இருக்கிறான்.

மண்டபத்தில் மறுபடி மேளம் கேட்டது. கால் கழுவி, புதிதாக ஆலாத்தி எடுத்து, மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போகிறார்கள்.

"உங்கட கையைக் காட்டுங்கோ."

திரும்பினாள். புஷ்பவதி. வானில் பின்னால் வந்திறங்கியவள். செருப்பில்லாமல் வீதியைக் கடந்து வந்திருந்தாள். றெஜினாவின் கையை விரித்துப் பார்த்தாள். கொப்பளித்துக் கிடந்த அந்த உள்ளங்கையில் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

"எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். நான் எதிர்ப்பட்டா அவனுக்குக் கூடாதெண்டு காலமை முழுக்க ஒளிச்சு நிண்டனான் தங்கச்சி. ஒளிச்சு நிண்டதாலை நான் ஒண்டையும் காணேல்லை. நீங்கள் கண்டியள்."

"அக்கா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. தாலி கட்டப் போயினம்."

"நீங்கள் வராமல் நான் போகமாட்டன்."

"ஐயோ, வேண்டாம். எனக்குச் சனத்துக்குப் பயம்."

"எனக்கும்தான்," என்றாள் புஷ்பவதி. "பிடியுங்கோ என்னை."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தலைகள் திரும்பின.  யாரும் வழி மறிக்கவில்லை. மணவறைக்குக் கிட்ட முன் வரிசையில் இருந்த துவாரகன் எழும்பித் தன் கதிரையையும் பக்கத்துக் கதிரையையும் இழுத்து வைத்தான். மணமக்கள்மேல் தூவும் அறுகரிசித் தட்டோடு வந்த உருத்திரமூர்த்தி றெஜினாவின் முன்னால் வந்ததும் நின்றார்.  அவள் வலக் கையால் அள்ள முடியாது என்று கண்டு, தட்டையே அவள் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

மணவறையில் ஐயர் நெய் வார்த்தார். ஓமத்தில் நெருப்பு நாக்கு நீட்டியது. மேலே பட்டுத் திரை, பக்கத்தில் காகிதப் பூ. எல்லோரும் தாலியைப் பார்த்தார்கள். றெஜினா மட்டும் அந்த நெருப்பையும், அதன்மேல் ஆடிய பட்டுத் திரையையும், பிருந்தனின் தலைப்பாகைத் தொங்கலையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அக்கா," என்று மெல்லக் கேட்டாள், "இந்த மண்டபத்துக்குப் பின்னாலை கதவு இருக்கோ?"

"இருக்கு." புஷ்பவதி மகனிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பூட்டேல்லை. உங்களிட்டை வர முதல் தள்ளிப் பாத்திட்டுத்தான் வந்தனான்."